சாவிக்குத் தீட்டுக் கழித்த கதை

விழுப்புரத்தில் ஒரு ஆளை நம்பலாமா என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? யார் வீட்டுப் பிள்ளை? பதில் திருப்தியாக இருந்தால் வாடகைக்கு வீடு கிடைக்கும், பெண் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். அந்த ஆளுக்கு வேலை தெரியுமா என்பது நான்காவது கேள்வி. மூன்றாவதிலேயே மனம் நிறைந்துவிடுவதால் அதை யாரும் கேட்பதில்லை.

கோலியனூர் இசைவாணி இந்த மூன்று கேள்விகளிலும் தோற்றவள். அப்பா சவுரிராயன் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். அம்மா அம்சா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் அதற்குப் போவார், நடவுக் காலத்தில் அதற்குப் போவார். வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஞானஸ்நானத் தண்ணீருக்குப் பாவங்களைக் கழுவும் சக்தி உண்டு என்கிறார்கள். தெருவின் பெயரைக் கழுவும் சக்தி மட்டும் அதற்கு இன்னும் வரவில்லை.

கணினிப் படிப்பு முடித்துச் சென்னைக்குப் போனாள். அங்கே மூன்று கேள்விகள் கிடையாது. பெருநகரம் அல்லவா, ஒரே கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள்: "நீங்க வெஜ்ஜா?" அதற்கு உண்மையைச் சொல்லிச் சொல்லி வீடு மாறிய களைப்பில், சொந்த ஊரிலேயே அவமானப்பட்டால் பேருந்துச் செலவாவது மிச்சம் என்று திரும்பினாள். விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில், ஒரு பலகாரக் கடையின் மாடியில் சக்கரபாணி நடத்திய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். நிறுவனம் என்றால் ஆறேழு பேர், ஒரு ஏசி, நுழைவாயிலில் திருஷ்டிப் பொம்மை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அவள் படிப்புக்கு இருந்த ஒரே வேலை அது. அது போனால் மறுபடியும் சென்னை, மறுபடியும் அந்தக் கேள்வி. இசைவாணிக்கு அந்த வேலை வேண்டும்.

சக்கரபாணி கெட்டவர் அல்ல. ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஊரில் அவர் இருக்கும் பக்கத்தில் கேட்டால். நிலபுலம் உள்ள குடும்பம், மெக்கானிக்கல் படித்தவர். கம்ப்யூட்டரைக் கிழக்கு பார்த்து வைத்தால் வைரஸ் வராது என்று நம்புகிறவர். அவருடைய பெரிய வாடிக்கையாளர் திண்டிவனத்தில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. ரத்தம் எடுத்த மாலைக்குள் முடிவு நோயாளியின் கைப்பேசிக்குப் போய்விடும். அந்த மென்பொருளைச் செய்தது சக்கரபாணி நிறுவனம். அது ஓடுவது கிளவுடில், அதாவது எங்கோ யாரோ பராமரிக்கும் கணினிகளில்.

அந்தக் கணினிகளுக்கு மென்பொருளை அப்படியே தூக்கிப் போட முடியாது. அதையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டிக்கு இமேஜ் என்று பெயர். பெட்டியை நாமே கட்டலாம். அல்லது இணையத்தில் யாரோ கட்டிவைத்ததை எடுத்து, மேலே நம்முடையதை ஏற்றலாம். சக்கரபாணியின் மனைவி ஆர்த்தியின் தம்பி பூவரசன் இரண்டாவது வழியில் நம்பிக்கை உள்ளவன். ஒருமுறை அவன் எடுத்த பெட்டிக்குள் நாணயத் திருடன் உட்கார்ந்திருந்தான். பரிசோதனை நிலையத்தின் கணினிகளை வைத்து எவனோ எந்தத் தேசத்திலோ இணைய நாணயம் தயாரித்துக்கொண்டிருக்க, இங்கே முடிவுகள் நாள் கணக்கில் தாமதமாகின. "நெறைய பேரு டவுன்லோடு பண்ணிக்கினு இருந்தாங்க மாமா, அதான் எடுத்தேன்" என்றான் பூவரசன். கூட்டம் நிற்கும் கோயிலில் சாமிக்குச் சக்தி அதிகம் என்று நம்பி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி யோசிப்பான்?

திண்டிவனம் நிலையத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட காந்திமதி அன்றே ஒரு விதி போட்டார். இனி கையொப்பம் இல்லாத பெட்டி எதுவும் எங்கள் கிளவுடுக்குள் வரக் கூடாது. வாசலில் ஒரு காவல் நிரல் நிற்கும். பெட்டியில் கையொப்பம் இருக்கிறதா, அது பதிவான சாவியால் போட்டதா, போட்ட பிறகு உள்ளே ஒரு புள்ளியாவது மாறியிருக்கிறதா என்று அது பார்க்கும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் பெட்டி திரும்பிப் போக வேண்டியதுதான். கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத் தொடையில் நகராட்சியின் ஊதா முத்திரை இருக்கும் அல்லவா, அது மாதிரி. என்ன, அந்த முத்திரையை வெட்டி இன்னொரு ஆட்டின்மேல் ஒட்ட முடியாது.

கையொப்பச் சாவி ஒரு பென்டிரைவ் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு ஒரு ரகசிய எண். சாவிக்குப் பொறுப்பாளராக ஒருவர் பெயரைப் பதிய வேண்டும் என்றார் காந்திமதி. பொறுப்பு என்றால் தவறு நடந்தால் தலை உருளும் இடம் என்று புரிந்ததும் சக்கரபாணி பெருந்தன்மையோடு இசைவாணி பெயரைக் கொடுத்தார். "மாத்துச் சாவி ஒண்ணும் வாங்கி வைங்க சார்" என்று அவள் கேட்டபோது, "தாலி ரெண்டா கட்டுறாங்க? ஒண்ணு போதும்மா" என்றார். சாவியை மட்டும் தன் அலமாரியில் பூட்டிவைத்து, வேண்டும்போது கொடுத்து வாங்கிக்கொண்டார். எண் அவளிடம், சாவி அவரிடம்.

இசைவாணிக்கு அந்தக் காவல் நிரலைப் பிடித்திருந்தது. அது எந்த ஊர் என்று கேட்காது, எந்தப் பக்கம் என்று கேட்காது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்கும். விழுப்புரம் மாவட்டத்தில் அப்படிக் கேட்ட முதல் ஜீவன் அதுதான், அதற்கும் உயிர் இல்லை.

பிறகு ஆயுதபூஜை வந்தது.

சக்கரபாணியின் அலுவலகத்தில் ஆயுதபூஜை விரிவானது. ரவுட்டருக்குச் சந்தனம், பிரிண்டருக்குக் குங்குமம், மடிக்கணினிகளுக்குப் பூச்சரம். வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காயை நடுச்சாலையில் உடைப்பார்கள், வண்டியில் வருபவர்கள் வழுக்கி விழுந்து திருஷ்டியை எடுத்துக்கொண்டு போக வசதியாக. எல்லாருக்கும் பொரி கடலை தட்டில் வரும். இசைவாணிக்கு மட்டும் ஆர்த்தி அதைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார், "வீட்டுக்கு எடுத்துக்கினு போம்மா, தூரத்துல இருந்து வர்றே" என்று. பண்ருட்டியிலிருந்து வருபவருக்குத் தட்டு, பக்கத்துக் கோலியனூருக்குப் பொட்டலம். தூரத்தை அங்கே கிலோமீட்டரில் அளப்பதில்லை.

இந்த முறை கையொப்பச் சாவியும் பூஜைக்குப் போனது. வெள்ளித் தட்டில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு. மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. கைப்பேசிகளைப் பூஜையில் வைக்கவில்லை. அவை ஆயுதம் இல்லை போலும். பூவரசனின் மடிக்கணினியையும் வைக்கவில்லை, அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

பூஜை முடிந்த மதியம் திண்டிவனத்திலிருந்து காந்திமதி கூப்பிட்டார். நிலையத்தில் புது ரத்தப் பரிசோதனை இயந்திரம் வைத்திருந்தார்கள். அது முடிவுகளை வேறு வடிவத்தில் கொடுத்தது, மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் நின்றுவிட்டது. ஐப்பசி மழை பிடிக்கப்போகும் காலம், ஊரெங்கும் டெங்குக் காய்ச்சல். பிளேட்லெட் எனும் தட்டணு எண்ணிக்கை தெரியாமல் மருத்துவர்கள் காத்திருந்தார்கள். நிலையத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் தொலைபேசியில் எண்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இசைவாணி வீட்டிலிருந்தே பிழையைத் திருத்தினாள், சோதித்தாள், கிளவுடிலேயே பெட்டியைக் கட்டினாள். கையொப்பம் மட்டும் பாக்கி. தன் சொந்த மடிக்கணினியோடு ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகம் வந்தாள். சக்கரபாணியும் ஆர்த்தியும் பூவரசனும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், சாவி வேணும்."

"சாவி பூஜையில கீதும்மா. நாளைக்கு மறுபூஜை முடிச்சுத்தான் எடுக்கணும்."

"நாளைக்கு வரைக்கும் காய்ச்சல்காரங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்க சார்."

"ஏன் பேஜாரு பண்றே? பூவரசன் வீட்டுல உக்காந்து ரெடி பண்ணிட்டான். அதை ஏத்திடலாம்."

"மாமா, ஏத்திப் பார்த்தேன். அந்த வாசல் காவல் உள்ள விட மாட்டேங்குது" என்றான் பூவரசன், கோயில் வாசலில் செருப்போடு நிறுத்தப்பட்டவன் போல.

"கையெழுத்து இல்லாம எப்படி விடும்?" என்றாள் இசைவாணி. "நீங்க அடியில வெச்ச பெட்டியை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நெட்லதான். நல்ல ரேட்டிங்."

"போன தடவையும் நல்ல ரேட்டிங்தான்."

சக்கரபாணி குறுக்கிட்டார். "இந்தாம்மா, அவசரம்னா இந்த ஒரு தடவை செக்கிங்கை நிறுத்தி வெக்க அந்தக் காந்திமதி மேடத்தால முடியும். சாவி பொறுப்புல இருக்கிறவ கேட்டாத்தான் செய்வாங்களாம். ஒரு போனைப் போடு. நம்ம வூட்டுப் பையன் செஞ்சதும்மா. இதுக்கு இன்னா முத்திரை?"

"போனைப் போட மாட்டேன் சார். உள்ள இன்னா இருக்குன்னே தெரியாத பெட்டிக்கு எப்படி நான் ஜவாப்பு சொல்றது? நான் கட்டினது ரெடியா இருக்கு. சாவியைக் கொடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"சாமி காரியத்துல வெளையாடக் கூடாது."

பாருங்கள், கணக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஊர் பேர் தெரியாதவன் கட்டிய பெட்டியை நோயாளிகளின் ரத்தக் கணக்குக்குள் விடலாம், மச்சான் கொண்டுவந்தால். தட்டில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் எடுக்கக் கூடாது. சரஸ்வதி கோபித்துக்கொள்வாள். கல்விக்கான கடவுள் ஒரு மென்பொருள் திருத்தத்துக்குக் கோபித்துக்கொள்வாள் என்று முடிவுசெய்ய எவ்வளவு ஆழமான பக்தி வேண்டும்!

காந்திமதியிடமிருந்து மறுபடியும் அழைப்பு. இசைவாணி ஒலிபெருக்கியில் போட்டாள். "ஜல்தியா பாருங்கம்மா. ஒரு கொழந்தைக்கு எண்ணிக்கையை மாத்திச் சொல்லிட்டோம், நல்லவேளை டாக்டர் திரும்பக் கேட்டாரு. இப்படியே வாயால சொல்லிக்கினு இருந்தா எவனாவது சாவப் போறான்."

இசைவாணி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். எழுந்து போனாள். பூஜைத் தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். துப்பட்டாவால் சந்தனத்தைத் துடைத்தாள். தன் மடிக்கணினியில் சொருகி, எண்ணைத் தட்டி, கையொப்பமிட்டாள்.

ஆர்த்தி கையில் இருந்த பொரித் தட்டு அப்படியே நின்றது. பெட்டி வாசலுக்குப் போனது. காவல் நிரல் பார்த்தது, விட்டது. கொஞ்ச நேரத்தில் காந்திமதியின் குரல் கைப்பேசியிலிருந்து வந்தது: "வந்துடுச்சு! எல்லாம் போய்க்கினு இருக்கு! ரொம்ப தேங்க்ஸ்மா."

அந்த அறையில் மகிழ்ந்தது அந்தக் கைப்பேசி ஒன்றுதான்.

"பூஜையில கை வெச்சுட்டாளே" என்றார் ஆர்த்தி, தம்பியைப் பார்த்து. "அதுவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். படித்த குடும்பம், அந்த வாக்கியங்களை முடிப்பதில்லை.

"அதுவும் இன்னா மேடம்?" என்றாள் இசைவாணி.

"ஒண்ணுமில்ல."

சக்கரபாணி நெற்றியைத் தேய்த்தார். "நான் ஜாதியெல்லாம் பார்க்குற ஆளு இல்ல. உனக்கே தெரியும். ஆனா ஒரு மொறை இருக்குல்ல? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா."

இசைவாணி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று அவளுக்குப் பொட்டலமும் கிடைக்கவில்லை.

மறுநாள் புரோகிதர் வந்தார். தீட்டு விஷயத்தில் அவர் காந்திமதியின் காவல் நிரலைவிடக் கறாரானவர். அந்தப் பெண் எதையெல்லாம் தொட்டாள் என்று விசாரித்தார். நாற்காலி, மேசை, சாவி. நாற்காலியும் மேசையும் பெரியவை, ஆகவே தெளித்தால் போதும். சாவி சின்னது, ஆகவே முக்கலாம். பால், தயிர், நெய், கோமியம், சாணம் ஐந்தும் கலந்த பஞ்சகவ்யத்தில் அந்தக் கையொப்பச் சாவி முழுதாக மூழ்கி எழுந்தது. ஈரம் கணினிக்கு ஆகாது என்று பூவரசன் தன் தொழில்நுட்ப அறிவால் எச்சரித்தான். உடனே ஆர்த்தி அதைச் சாம்பிராணிக் கரண்டியின் தணல்மேல் காட்டினார். அது முதலில் வளைந்தது, பிறகு ஒழுகியது. புனிதம் பூரணமாகிவிட்டது.

அப்போதும் அவர்கள் பதறவில்லை. அந்த வாரம் அவசரம் ஏதும் வரவில்லை. அடுத்த வாரம் காந்திமதி ஒரு சின்ன மாற்றம் கேட்டபோதுதான் தெரிந்தது, இனி ஒரு புள்ளியைக்கூட விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குள் ஏற்ற முடியாது என்று. சக்கரபாணி தொலைபேசினார். "சாவி கெட்டுப்போச்சு மேடம். புதுசு ஒண்ணு பதிஞ்சு கொடுங்க."

"பதியலாம் சார். பழைய சாவிக்குப் பொறுப்பாளர் நேர்ல வரணும். சாவி திருட்டுப் போகலை, இன்னாரு கையில இப்படிக் கெட்டுதுன்னு சொல்லணும். இல்லாட்டி எவன் கையிலயோ அது இருக்குன்னு நான் நெனைக்க வேண்டியிருக்கும். இசைவாணியைக் கூட்டிக்கினு வாங்க."

சக்கரபாணியின் கார் கோலியனூர் சாலையில் நின்றது. தெருவுக்குள் வரவில்லை. "மெயின் ரோட்டுல நிக்கிறேம்மா, கொஞ்சம் வா" என்றார் தொலைபேசியில்.

"வூடு உள்ள இருக்கு சார். தார் ரோடுதான், கார் வரும்."

கார் வந்தது. சவுரிராயன் நாற்காலி எடுத்துப் போட்டார். அம்சா தேநீர் கொண்டுவந்தார்.

"வேணாம்மா, எனக்கு சுகர்."

"சக்கரை போடலைங்க" என்றார் அம்சா.

சக்கரபாணி தேநீரைப் பார்த்தார், இசைவாணியைப் பார்த்தார், குடித்தார். எத்தனையோ தலைவர்கள் எத்தனையோ மேடைகளில் சொல்லிப் பார்த்து நடக்காதது, ஒப்பந்தம் போய்விடும் என்ற பயத்தில் ஒரு மடக்கில் நடந்துவிட்டது.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். வேலை உன்னுதுதாம்மா. வந்து சாவி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு."

"சாவி என் கையிலதான் இருக்கணும் சார். அலமாரியில இல்ல, பூஜையில இல்ல. மாத்துச் சாவி காந்திமதி மேடம்கிட்ட."

"சரி."

"பூவரசன் கட்டுறதையும் நான் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அதுக்கு இன்னா, சரி."

அவர் கார் வரைக்கும் போனதும் சவுரிராயன் மகளிடம் மெல்லச் சொன்னார்: "புதுச் சாவியை ஒரு தடவை நம்ம சர்ச்சு சாமியார்கிட்ட மந்திரிச்சுக்கலாம் பாப்பா. நல்லது."

"அவரும் தண்ணிதான்பா தெளிப்பாரு. வேணாம்."

அவர் காரிலேயே இருவரும் திண்டிவனத்துக்குக் கிளம்பினார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் சக்கரபாணி, "மேடம் கேட்டா தண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லிடலாம். பொய் இல்லையே, ஈரந்தானே?" என்றார். இசைவாணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்திமதி நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, மேசையில் முருகன் படம் வைத்திருப்பவர். பகுத்தறிவாளர் அல்ல. ஆனால் தன் வேலையில் எதையும் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறவரும் அல்ல. உருகி வளைந்த சாவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படிக் கெட்டுச்சு?"

"தண்ணி பட்டுடுச்சு மேடம்" என்றார் சக்கரபாணி.

"உங்களைக் கேக்கலை சார். பொறுப்பாளரைக் கேக்குறேன்."

சக்கரபாணியின் கால் மேசைக்கு அடியில் ஆடியது. வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சின்ன வார்த்தை போதும், தண்ணீர். எல்லாரும் சொல்லும் வார்த்தைதான்.

"பஞ்சகவ்யத்துல முக்கினாங்க மேடம். அப்புறம் சாம்பிராணி நெருப்புல காய வெச்சாங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்க சொல்லி நான் கேள்விப்பட்டதுதான், நான் அங்க இல்ல. நான் பூஜையிலேர்ந்து எடுத்து, தொட்டுட்டதால தீட்டுக் கழிச்சாங்களாம். அன்னிக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாரு. சாவி திருட்டுப் போகலை. அதுக்கு மட்டும் நான் ஜவாப்பு."

காந்திமதி சாவியை மூக்கருகே கொண்டுபோய், உடனே தள்ளிப் பிடித்தார்.

"இன்னா சார் இது? இந்த லேபுக்கு நாள் முழுக்க யூரின் சாம்பிள் வருது. சாவியில தடவி அனுப்பின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"மேடம், அது எங்க வூட்டு மொறை..."

"வூட்டுல வெச்சுக்கங்க. இது என் லேபுக்குள்ள வர்ற சாவி. அன்னிக்கு இந்தப் பொண்ணு எடுக்காம வுட்டிருந்தா, எனக்கு எத்தனை பேரு வூட்டுக்குப் போய்ப் பதில் சொல்ற நெலமை வந்திருக்கும்? அவங்க எந்தத் தெருன்னு நீங்க கேட்டிருப்பீங்களா?"

சக்கரபாணி குரலைத் தாழ்த்தி, ஜாதி பார்க்கும் ஆள் தான் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். காந்திமதி கேட்கவில்லை. இசைவாணி பெயரில் இரண்டு சாவிகளைப் பதிந்தார், ஒன்றைத் தன் பெட்டகத்தில் பூட்டினார். இன்னொன்றை அவள் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "இந்தப் பொண்ணு உங்க ஆபீஸ்ல இல்லேன்னா, அன்னிக்கே உங்க சாவியை ரத்து பண்ணிடுவேன். அப்புறம் நான் வேற கம்பெனி தேடிக்கிறேன். ஞாபகம் இருக்கட்டும்."

திரும்பும் வழியில் சக்கரபாணி ஒரு உணவகத்தில் காரை நிறுத்தினார், அவளைத் தன் எதிரில் உட்காரவைத்து இட்லி வாங்கிக் கொடுத்தார். அவர் திருந்திவிட்டார் என்று யாராவது கண் கலங்க வேண்டாம். அந்த வாரமே தொழில்முனைவோர் சங்கக் கூட்டத்தில் அவர் பேசியது இது: "எங்க ஆபீஸ்ல பாகுபாடே கிடையாது. முக்கியமான சாவியே காலனிப் பொண்ணு கையிலதான்!" கைதட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு காலை பூவரசன் ஒரு பெட்டியைக் கட்டிக் கையொப்பத்துக்கு அனுப்பினான். இசைவாணி திறந்து பார்த்தாள். அடியில் மறுபடியும் எவனோ கட்டிய பெட்டி. திருப்பி அனுப்பினாள். பூவரசன் அவள் மேசைக்கே வந்துவிட்டான்.

"மாமா ஓக்கே சொல்லிட்டாரு."

"சந்தோஷம். இதுல அவரு கையெழுத்து செல்லாது. அந்த அடிப்பெட்டியைத் தூக்கிட்டு நம்ம பெட்டி மேல கட்டிக்கினு வாங்க. போட்டுத் தர்றேன்."

பூவரசன் உள்ளறையைப் பார்த்தான். உள்ளறையில் சக்கரபாணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் எழுந்து வரவில்லை. பூவரசன் தன் இடத்துக்குப் போய், முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தான்.